டார்க் எவ்வளவு என்று கேட்காதீர்கள்!

"எவ்வளவு டார்க்?"

இம்பாக்ட் ரெஞ்ச் வாங்கப் போகிற அத்தனை பேரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் இதுவாகவே முடிந்துவிடுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அங்கேதான்.

விஷயம் என்னவென்றால், நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குத் தாராதலாவில் ஒரு வண்டி ஷெட் இருக்கிறது. பதினாலு கார், மூன்று மினி டிரக். அலிப்பூர் வீட்டிலிருந்து கிளம்பி மாஜேர்ஹாட் பாலம் ஏறி இறங்கினால் வந்துவிடும். (2018 செப்டம்பரில் இடிந்து விழுந்ததே, அதே இடத்தில் கட்டிய புதுப் பாலம்.) சக்கரம் கழற்ற ஷெட்டுக்கு ஒரு காற்று ரெஞ்ச் வாங்கலாம் என்று முடிவாகி, மூன்று கொட்டேஷன் என் மேஜைக்கு வந்தது. ஒன்றில் கொட்டை எழுத்தில் 800. இரண்டாவதில் 1,085. மூன்றாவதில் 1,600. பர்ச்சேஸ் தாதா 1,600க்கு நேராக ஏற்கெனவே பச்சை மையில் டிக் போட்டு வைத்திருந்தார். "பேஷி டார்க், பேஷி பாலோ" என்றார். அதிக டார்க், அதிக நல்லது. பேஷ்!

முதலில் அந்த மூன்று எண்களைப் பார்ப்போம். 800 என்பது அடி-பவுண்டு. 1,085 என்பது நியூட்டன் மீட்டர். ஒரு அடி-பவுண்டு 1.356 நியூட்டன் மீட்டர். பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஒரே கன்தான்! இரண்டாவது வியாபாரி பெரிதாகத் தெரிகிற அலகைப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். மூன்றாவது ஆள் 1,600 என்று மட்டும் எழுதி அலகே போடவில்லை. 1,600 என்ன? மணப்பாறை முறுக்கா?

அலகு போட்டாலும் கதை முடியாது. பட்டியலில் போடுகிற "அதிகபட்ச டார்க்" அநேகமாகக் கழற்றும் திசையில், கன்னின் வாயில் முழு 6.2 பார் அழுத்தம் நிற்க, சில வினாடிகள் விடாமல் அடித்து அளந்த உச்சம். சிலர் அதற்கும் மேலே போய் 'நட் பஸ்டிங்' என்று தனியாக ஒரு எண் போடுகிறார்கள். ஒரே கன்னுக்கு மூன்று எண் இருக்கலாம், மூன்றுமே ஒரு விதத்தில் உண்மையாகவும் இருக்கலாம். உங்கள் ஷெட்டில் அந்த மூன்றும் கிடைக்காமலும் போகலாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது அசல் கேள்வி. ஒரு கார் சக்கரத்து நட்டுக்கு எவ்வளவு டார்க் வேண்டும்? கம்பெனிக்காரனே கையேட்டில் எழுதியிருக்கிறான். பழைய ஸ்விஃப்டுக்கு 85 நியூட்டன் மீட்டர். டொயோட்டா கார்கள் பலவற்றில் 103. ஹோண்டா சிட்டியில் 108. வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் நம் ஊரில் ஓடும் சாதாரணக் கார்கள் பெரும்பாலும் 85க்கும் 130க்கும் நடுவில் அடங்கிவிடும். துரு ஏறி, சேறு காய்ந்து, ரெண்டு வருஷம் கழற்றாத நட்டு என்றால் கழற்ற அதைப்போல இரண்டு மடங்கு, மிஞ்சினால் இரண்டரை மடங்கு கேட்கும். ஆக 300 நியூட்டன் மீட்டரை நிஜமாகவே, நிதானமாகத் தருகிற ஒரு கன் இருந்தால் கார் சக்கரத்துக்கு அது ராஜா. விளம்பரத்து எண் 500, 600 என்று இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். 1,600 எதற்கு? ஹூக்ளி பாலத்தைக் கழற்றவா?

"அதிகம் இருந்தால் என்ன சார் குறைஞ்சு போச்சு? வேண்டாத நேரம் குறைச்சு வச்சுக்கலாமே?" என்பார்கள். பெரும்பாலான கன்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு திருகு இருக்கும். அது காற்றைக் குறைக்கிற திருகு. அளவுகோல் இல்லை. "இரண்டில் வைத்தால் 100 நியூட்டன் மீட்டர்" என்று எந்தக் கன்னும் சத்தியம் செய்யாது. காற்று அழுத்தம், ஹோஸ் நீளம், சாக்கெட் எடை, விரல் எத்தனை வினாடி அழுத்தியது, நட்டில் எண்ணெய் இருக்கிறதா என்று எல்லாமே கணக்கை மாற்றும்.

இங்கேதான் எனக்கும் ஊரில் பாதி டயர் கடைக்கும் சண்டை. கன் என்பது கழற்றுகிற சாமான். மாட்டும்போது நட்டைக் கையால் நாலு மரை ஓட்டிவிட்டு, கன்னால் லேசாகச் சேர்த்துவிட்டு, கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில். அது 'க்ளிக்' என்று சொன்னதும் நிறுத்த வேண்டும். இதைச் சொன்னால் "ஹோயே ஜாபே தாதா" என்பார் மிஸ்திரி. ஆகிவிடும் தாதா. எது ஆகிவிடும்? 'டர்ர்ர்ர்' என்று ஐந்து நட்டையும் ஐந்து வினாடிக்கு அடித்துவிட்டு ஜாக்கியை இறக்கிவிடுகிறார். டார்க் ரெஞ்ச் ஷோகேஸில் பெட்டியோடு படுத்திருக்கிறது, பூஜைக்கு வைத்தது மாதிரி.

இதன் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். இந்த இடம் தெரியாமல் மற்றதைப் பேசிப் பிரயோஜனம் இல்லை. கன்னுக்குள் காற்று ஒரு சின்ன மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் ஒரு சுத்தியலைச் சுழற்றுகிறது. சுத்தியல் சுற்றி வந்து சாக்கெட் மாட்டிய தண்டில் 'மட்' என்று அடித்து, விலகி, மறுபடி சுற்றி வந்து அடிக்கிறது. நிமிஷத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல். அடி எல்லாம் நட்டுக்குப் போகிறது, எதிர்விசை கைக்கு வருவதில்லை. நீளக் கைப்பிடி ஸ்பேனராக இருந்தால் 500 நியூட்டன் மீட்டருக்கு ஆள் தொங்க வேண்டும். கன்னில் ஒல்லிப்பிச்சான் பையன் ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையில் டீ குடிக்கலாம். கருவியின் பெருமை அதுதான், ஆபத்தும் அதுதான். எவ்வளவு இறுகியது என்று பிடித்திருக்கிற கைக்குத் தெரியவே தெரியாது.

நாமக்கல்லில் எங்கள் பெரியப்பா லாரிப் பட்டறை வைத்திருந்தார். "நட்டு இறுகுனது போதும்னு கைக்குத் தெரியோணும் கண்ணு" என்பார். அந்தக் காலத்து ஆட்கள் தெய்வங்கள், கையாலேயே அளந்தார்கள் என்று நான் கதை விடப் போவதில்லை. ஸ்பேனரில் ஆறடி இரும்புக் குழாயைச் செருகி ரெண்டு பேர் ஏறிக் குதித்ததையும் அதே பட்டறையில் பார்த்திருக்கிறேன். கை சொல்கிற கணக்கும் தப்பும். ஆனால் கை ஏதாவது ஒன்றைச் சொல்லும். கன் ஒன்றுமே சொல்லாது.

இன்னும் கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே. கார் சக்கரத்து ஸ்டட் பொதுவாக 12 மில்லிமீட்டர். காய்ந்த, சுத்தமான மரையில் 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால், அந்த ஸ்டட் சுமார் 4 டன் விசையில் சக்கரத்தை ஹப்போடு இழுத்துப் பிடிக்கிறது. ஒரு ஸ்டட்டுக்கு 4 டன்! சக்கரத்தைத் தாங்குவது இந்தப் பிடிப்புதான், நட்டு சும்மா அங்கே உட்கார்ந்திருப்பது அல்ல. 10.9 கிரேடு என்கிற நல்ல இரும்பாக இருந்தாலும், 175 நியூட்டன் மீட்டர் பக்கம் போனால் ஸ்டட் தன் எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் நீண்டால் பழைய நீளத்துக்குத் திரும்பாது. நீண்டுபோன ஸ்டட் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த முறை இறுக்கும்போது இன்னும் கொஞ்சம் நீளும். ஒரு நாள் முறியும். "கழற்ற சுலபமா இருக்கும்" என்று மரையில் கிரீஸ் தடவுகிற மகானுபாவர்களுக்கு ஒரு வார்த்தை: உராய்வு குறைந்தால் அதே 100 நியூட்டன் மீட்டருக்கு ஸ்டட்டில் விழுகிற இழுவை இன்னும் ஏறும். கையேட்டில் போட்டிருக்கிற எண் காய்ந்த மரைக்கு.

இப்போது 600 நியூட்டன் மீட்டர் கன்னை எடுத்து ஐந்து வினாடி அடியுங்கள். ஸ்டட்டின் கதி என்ன என்று நீங்களே சொல்லுங்கள்.

இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கமணி காரை எடுத்துக்கொண்டு டயமண்ட் ஹார்பர் ரோட்டில் போனார். ஆம்தலா தாண்டி பின் சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னி மாற்ற அவருக்குத் தெரியும், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். (ஸ்டெப்னி என்கிற வார்த்தை வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் இருக்கும் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. உபரிச் சக்கரம் செய்து விற்ற கம்பெனி அங்கே இருந்தது. இங்கிலாந்துக்காரனே மறந்துவிட்டான், நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.) ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் சரியாக எடுத்து வைத்துக்கொண்டார். நட்டு அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று பார்த்தார். அசையவில்லை.

அசையாது. வண்டியோடு வரும் ஸ்பேனர் கிட்டத்தட்ட ஒரு அடி நீளம். 52 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் நுனியில் ஏறி நின்றால் 150 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் வரும். (எடையை எழுதியதற்கு இன்று இரவு எனக்குச் சாப்பாடு கிடையாது.) பத்து நாள் முன்னால்தான் ஒரு டயர் கடையில் நாலு டயரும் புதிதாக மாற்றியிருந்தோம். கடை பெயர் வேண்டாம், விட்டுவிடுவோம். அங்கே கன்னால் அடித்திருந்த இறுக்கம் அந்த 150க்கு எங்கேயோ மேலே. நாற்பது நிமிஷம் கழித்து மணல் லாரிக்காரர்கள் இரண்டு பேர் நிறுத்தி, லாரி ஸ்பேனர் குழாயைச் செருகி மூன்று நட்டைக் கழற்றினார்கள். நாலாவதில் ஸ்டட்டே முறிந்து கையோடு வந்தது. மூன்று நட்டில் மெதுவாக ஓட்டி வீடு வந்து சேர்ந்தார்.

கடைக்குப் போய்க் கேட்டேன். "டைட்டா இருந்தா சேஃப்டிதானே தாதா?" என்றார் கல்லாவில் இருந்தவர். இதைவிடப் பெரிய பொய் இந்தத் தொழிலில் இல்லை. அதிகம் இறுக்கிய நட்டும் சக்கரத்தை விடும், கொஞ்சம் தாமதமாக. ஒரு நட்டு 90, பக்கத்து நட்டு 300 என்று ஏறுமாறாக இறுக்கினால் பிரேக் டிஸ்க்கும் கோணும். அப்புறம் பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் உதறுகிறது என்று அலைன்மென்ட், பேலன்சிங் என்று அதே கடையில் காசு கொடுப்போம். நல்ல வியாபாரம்.

டொரண்டோவில் இருக்கும் நம்மாட்களுக்கு இது நினைவிருக்கலாம். 1990களில் ஒண்டாரியோ நெடுஞ்சாலைகளில் லாரிச் சக்கரங்கள் கழன்று பறந்து எதிரே வந்தவர்களைக் கொன்றன. 1997ல் அங்கே சட்டம் போட்டார்கள்: ஓடுகிற கனரக வண்டியிலிருந்து சக்கரம் கழன்றால் 50,000 டாலர் வரை அபராதம். "நான் எல்லா ஜாக்கிரதையும் எடுத்தேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம் நாட்டில் சக்கரம் கழன்றால் டிரைவரை அடிப்பார்கள். சக்கரத்தை மாட்டினது யார், எதைக் கொண்டு இறுக்கினார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சரி, திட்டியது போதும், கன் தேர்ந்தெடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். எண்ணை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது?

முதலில் உங்களிடம் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பாருங்கள். அட்டையில் "காற்றுச் செலவு 5 சிஎஃப்எம்" என்று போட்டிருப்பான். நிமிஷத்தில் சில வினாடி மட்டும் விசையை அழுத்தினால் வருகிற சராசரி அது. விசையை அழுத்தியே பிடித்தால் அரை அங்குல கன் நிமிஷத்துக்கு 20, 25 கன அடி குடிக்கும். எங்கள் ஷெட்டில் இருப்பது 2 குதிரைத்திறன் கம்பிரஸர், 160 லிட்டர் டேங்க். பத்து பாரில் நின்று ஆறு பாருக்கு இறங்கும்வரை அதில் கைக்குக் கிடைப்பது சுமார் 640 லிட்டர் காற்று, அதாவது 22 கன அடி சொச்சம். ஏறத்தாழ ஒரு நிமிஷம். ஒரு காரில் 16 முதல் 20 நட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று வினாடி. நடுநடுவே மோட்டாரும் ஓடி நிரப்பும். கார் வேலைக்குத் தாராளம். அந்த 1,600 கன்னை இதில் மாட்டினால் நாலு நட்டுக்குப் பிறகு ஆஸ்துமா வந்த மாதிரி இழுக்கும். லாரிக்கு ஒரு அங்குல கன் வேண்டும், அதற்குத் தனிக் கம்பிரஸர் வேண்டும். 22 மில்லிமீட்டர் ஸ்டட், 600 நியூட்டன் மீட்டர் பக்கம் இறுக்கம், அது வேறு உலகம். இரண்டையும் ஒரே கன்னில் பார்க்கலாம் என்பது வேட்டியையே தலைப்பாகையாகவும் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற ஐடியா.

அடுத்தது ஹோஸ். டயருக்குக் காற்றடிக்கிற ஒல்லிக் கால் அங்குல டியூபைப் பதினைந்து மீட்டர் இழுத்து அதில் கன்னை மாட்டுவார்கள். டேங்க் முள் எட்டு பார் காட்டும், கன் ஓடும்போது அதன் வாயில் நாலுகூட இருக்காது. பிறகு "கன்னுக்குப் பலம் இல்லை, பெருசு வாங்குங்க" என்பார்கள். உள்விட்டம் பத்து மில்லிமீட்டர் ஹோஸ் போடுங்கள், முனையில் மாட்டுகிற கப்ளரும் அகலமானதாக இருக்கட்டும். பாதிக் கடைகளில் கன் மாற்றவே வேண்டாம், ஹோஸை மாற்றினால் போதும்.

மூன்றாவது, இந்த ஊருக்கே உரிய சமாச்சாரம். கொல்கத்தாவில் யாரும் மழை வரும் என்று சொல்ல மாட்டார்கள், "அலிப்பூர் சொல்லியிருக்கு" என்பார்கள். வானிலை அலுவலகம் எங்கள் பேட்டையில்தான். 2025 செப்டம்பர் 23 அன்று ஒரே நாளுக்குள் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி ஊரே மிதந்தது. மழை இல்லாத நாளிலும் காற்று பிழிந்தால் சொட்டும். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் தண்ணீர். அப்படி எட்டு கன மீட்டரை ஒன்றாக அமுக்கி ஆறவிட்டால் 160 கிராம் தண்ணீர் டேங்கின் அடியில் நிற்கும். அது ஹோஸ் வழியாகக் கன்னுக்குள் போய் மோட்டாரைத் துருப்பிடிக்க வைக்கும். தினமும் டேங்கின் அடி வால்வைத் திறந்துவிட வேண்டும், தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர் ஒன்று மாட்ட வேண்டும், காலையில் கன்னின் வாயில் மூன்று சொட்டு ஏர் டூல் ஆயில் விட வேண்டும். இதைச் செய்யாத ஷெட்டில் எவ்வளவு விலை கொடுத்த கன்னும் ஒரு மழைக்காலம் தாண்டாது. கம்பிரஸர் விஷயத்தில் கோயம்புத்தூர் எல்ஜிக்காரர்களை எங்கள் ஷெட் மிஸ்திரி கும்பிடுவார். 1960ல் ஆரம்பித்த கம்பெனி என்று நான் சொன்னதும் "தமில் லோக்" என்று எனக்கே ஒரு சலாம் வைத்தார். ஆனால் அடி வால்வை மட்டும் திறக்க மாட்டார்.

எடையைக் கேளுங்கள். இரண்டு கிலோ கன்னுக்கும் மூன்று கிலோ கன்னுக்கும் உள்ள வித்தியாசம் கொட்டேஷன் பார்க்கிறவருக்குத் தெரியாது, நாள் முழுக்கக் குனிந்து பிடிக்கிற பையனுக்குத் தெரியும். அதிர்வையும் கேளுங்கள். ஐரோப்பாவில் 2002ல் வந்த விதிப்படி, எட்டு மணி நேரக் கணக்கில் கைக்கு வருகிற அதிர்வு 2.5ஐத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5ஐத் தாண்டவே கூடாது. வருஷக்கணக்கில் அதிர்ந்த விரல்கள் வெளுத்து மரத்துப்போகும், போன உணர்வு திரும்புவது கஷ்டம். சத்தம் வேறு. காதை ஒட்டி நூறு டெசிபல் பக்கம். மல்லிக் பஜார் பக்கம் போனால் பாருங்கள், கன் பிடிக்கிற பையன்களோடு பேச நாம் கத்த வேண்டியிருக்கும். பதினெட்டு வயசுதான் இருக்கும். பஞ்சு மாதிரி ஒரு இயர் பிளக், அதைக்கூட வாங்கித் தர ஆளில்லை.

"சார், நேரம் இல்லை, வரிசையில் வண்டி நிற்குது" என்பது கடைக்காரர்களின் பதில். கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒரு காருக்கு நாலு சக்கரமும் டார்க் ரெஞ்சில் எதிர் எதிராக இறுக்க மூன்றரை நிமிஷம். டயர் மாற்ற முக்கால் மணி நேரம் உட்கார வைக்கிறீர்கள், இந்த மூன்றரை நிமிஷம்தான் கனக்கிறதா? 'டார்க் ஸ்டிக்' என்று ஒரு தண்டு இருக்கிறது, குறிப்பிட்ட இறுக்கத்துக்கு மேல் அதுவே முறுக்கி நெளிந்து நட்டுக்கு விசையைக் கொண்டுபோகாது. வேலை அதிகம் உள்ள கடைக்கு அது உதவும், ஆனால் அதற்குப் பிறகும் ரெஞ்ச் வைத்து ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

வீட்டில் ஒரே ஒரு கார் வைத்துக்கொண்டு கன் வாங்கலாமா என்று கேட்கிற நண்பர்களுக்கு: வேண்டாம். கம்பிரஸர், ஹோஸ், ஃபில்டர் என்று இழுத்துக்கொண்டு போகும். டிக்கியில் இரண்டு அடி நீளக் கைப்பிடி ஒன்றும் சரியான சாக்கெட்டும் போட்டுக்கொள்ளுங்கள், 52 கிலோ உள்ளவரும் 300 நியூட்டன் மீட்டரைத் தொட்டுவிடலாம். ஆசை விடவில்லை என்றால் பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச் இருக்கிறது, இப்போது வருகிற 18 வோல்ட் சாமான்கள் காற்றுக் கன்னுக்குச் சளைத்தவை இல்லை. ஆனால் ஏற்கெனவே கம்பிரஸர் ஓடுகிற ஷெட்டில், நாள் பூராவும் வேலை என்றால், நான் இன்னமும் காற்றுக் கட்சிதான். சார்ஜ் இறங்காது, சூடேறாது, பேட்டரி செத்துப்போய் இரண்டு வருஷத்தில் மறுபடி செலவு வைக்காது.

பர்ச்சேஸ் தாதாவோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். லேக் மார்க்கெட் பக்கம் கூட்டிப்போய் இட்லி வாங்கிக் கொடுத்துத்தான் முடிந்தது. அரை அங்குல கன், இரண்டு கிலோவுக்குக் கீழே, காற்றுச் செலவு எங்கள் டேங்குக்கு ஏற்றது. மிச்சமான பணத்தில் பத்து மில்லிமீட்டர் ஹோஸ், ஃபில்டர், 200 நியூட்டன் மீட்டர் வரை போகும் ஒரு டார்க் ரெஞ்ச், ஒரு பெட்டி இயர் பிளக். ஒவ்வொரு வண்டியின் எண்ணுக்கும் நேராக அதன் இறுக்க அளவைப் பெயின்ட்டில் சுவரில் எழுதச் சொல்லியிருக்கிறேன், வங்காளத்திலும் இந்தியிலும். சக்கரம் மாற்றிய வண்டி 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வந்து ரெஞ்சைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அதற்கு ஒரு நோட்டும் போட்டாயிற்று.

கேனிங் ஸ்ட்ரீட்டிலோ என்.எஸ். ரோட்டிலோ வாங்கப் போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். கன் பெட்டியோடு சில சமயம் பளபள சாக்கெட் செட்டைத் தள்ளிவிடுவார்கள். அது கை ஸ்பேனருக்கானது, கன்னில் மாட்டினால் வெடித்துச் சிதறும், கண்ணில் தெறிக்கும். கன்னுக்கு இம்பாக்ட் சாக்கெட், கறுப்பாக, கனமாக இருக்கும். 19 ஒன்றும் 21 ஒன்றும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.